குடிகாரனைப் பட்டினி போட்டவர்கள்

விக்னராஜாவிடம் ஒரு எஞ்சினைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் முதலில் எஞ்சினைப் பார்க்க மாட்டார், கொண்டுவந்தவரின் முகத்தைத்தான் பார்ப்பார். "இது எவ்வளவு குடிக்குது?" என்பார். புல்வெட்டியோ மரமறுக்கும் வாளோ, எது வந்தாலும் கேள்வி அதுதான். மெல்பேர்னில், நோபல் பார்க் என்கிற புறநகரில் ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கிறார். திருத்திக் கொடுக்கும்போது, "முந்தி குடிச்சதிலை முக்கால்வாசிதான் இனிக் குடிக்கும்" என்று ஒரு வாக்கும் கொடுத்து அனுப்புவார். பெரும்பாலும் அந்த வாக்குப் பலித்துவிடும். அதனால்தான் ஆளுக்குத் தலைக்கனம்.

இந்தத் தலைக்கனம் மெல்பேர்னில் வந்ததல்ல. போர் நடந்தபோது யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் அரசு தடை போட்டிருந்த காலத்தில் அங்கே மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விடுவார்கள், கண்ணுக்கு மருந்து விடுகிற மாதிரி. அந்தத் துளிகளிலும் மிச்சம் பிடித்தவர் விக்னராஜா. எஞ்சின் ஒன்று அதிகம் குடித்தால் அதன் வாயைச் சின்னதாக்கு, பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்பது அன்றைக்கே அவர் கையில் ஏறிவிட்ட பழக்கம். ஊர் மாறியது, தொழிலுக்குப் பத்திரம்கூட எடுத்தார், கை மட்டும் மாறவில்லை.

போன ஆனி மாதம், அங்கே குளிர்காலம், பள்ளிக்கூட விடுமுறைக்குச் சற்று முன்னால், கேத்ரின் தொலைபேசியில் அழைத்தாள். கேத்ரின் மலேசியத் தமிழ்ப் பெண். ஈப்போவிலிருந்து படிக்க வந்து, படித்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, மெல்பேர்னுக்கு வடகிழக்கே மவுண்ட் வாரல் என்கிற மலையில் ஒரு சின்னத் தங்குமனை நடத்துகிறாள். பனி பார்க்கப் போகும் நம் தமிழ்க் குடும்பங்களில் பாதிப்பேர் அங்கேதான் தங்குவார்கள். பனியில் சறுக்கிவிட்டு வந்து சுடச்சுட மீன்கறி சாப்பிடுகிற வசதி அந்தப் பக்கத்தில் வேறெங்கும் கிடையாது. அவளுடைய மரமறுக்கும் வாளை விக்னராஜாதான் திருத்திக் கொடுப்பார்.

"அண்ணே, வாள் இல்ல இந்த தடவை. என் பனிவண்டி. டூ ஸ்ட்ரோக், ரொம்பப் பழசு. பெட்ரோல தண்ணி மாதிரி குடிக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள அத சரி பண்ணலன்னா எனக்கு இந்த சீசனே கிடையாது."

விஷயம் இதுதான். மலையடிவாரத்து வண்டித் தரிப்பிடத்திலிருந்து கேத்ரினின் தங்குமனைக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் பனிப்பாதை. கார் போகாது. விருந்தாளிகளையும் அரிசி மூட்டையையும் அந்தப் பனிவண்டிதான் பின்னால் ஒரு சறுக்குப் பலகையைக் கட்டி இழுத்துக்கொண்டு போகவேண்டும். மேலே பெற்றோல் சேர்த்துவைக்க அனுமதியில்லை, காட்டுப் பூங்கா நிலம். அடிவாரத்தில் பெற்றோல் தாங்கியை நிரப்பினால் மேலே போய்த் திரும்பி வரும்வரை அதுவே கதி. சென்ற வருடம் இறங்கும் வழியில் பெற்றோல் தீர்ந்து, ஒரு வயதான தம்பதியைக் கேத்ரின் பனிக்குள் நடத்திக் கூட்டிவர வேண்டியதாகிவிட்டது. மலை நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. இந்த வருடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: சுமையோடு ஏறி, இறங்கி வந்த பிறகும் தாங்கியில் கால்வாசி மிஞ்ச வேண்டும். வெள்ளிக்கிழமை சோதிப்போம். மிஞ்சாவிட்டால் விருந்தாளிகளை ஏற்ற அனுமதியில்லை. விருந்தாளி ஏறாத தங்குமனையை வைத்துக்கொண்டு கேத்ரின் என்ன செய்வாள்?

"கால்வாசியோ?" என்று சிரித்தார் விக்னராஜா. "தங்கச்சி, அரைவாசி மிஞ்சும். நான் வாறன்."

அவர் மனைவி நாகேஸ்வரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பனிவண்டியைக் கண்ணாலையாவது கண்டிருக்கிறியளோ?"

"எஞ்சின் எஞ்சின்தானே நாகேஸ்."

"அப்ப நானும் வாறன். உங்களைத் தனிய விட்டா மலையையும் கழட்டிப் பூட்டுவியள்."

திங்கட்கிழமை இருவரும் தங்கள் வான் வண்டியை அடிவாரத்தில் விட்டுவிட்டு, பாதை செப்பனிடும் இயந்திரத்தில் தொற்றிக்கொண்டு மேலே போய் இறங்கினார்கள். கேத்ரினின் கொட்டகையில் இரண்டு பனிவண்டிகள் நின்றன. ஒன்று செத்துப் பல வருடமாகிவிட்டது, உதிரிப் பாகங்களுக்காக வைத்திருந்தாள். மற்றதுதான் ஓடுவது. மஞ்சள் நிறம் வெளிறி, இருக்கை கிழிந்து, ஓரமெல்லாம் ஒட்டுப் போட்ட வண்டி. முதல்முறை கிளப்பியபோது கொட்டகை முழுக்க நீலப் புகை. பெற்றோல் அளவுமானியின் முள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம் போலிருந்தது. நாகேஸ்வரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது வண்டியில்லை, குடிகாரன்" என்றார். அன்றிலிருந்து அதற்கு அதுவே பெயராகிவிட்டது.

கேத்ரின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அண்ணே, இதுல ஒரு விஷயம் இருக்கு, காலைல ஸ்டார்ட் பண்றப்போ..."

"நீங்கள் போய்த் தேத்தண்ணி போடுங்கோ தங்கச்சி. இதை நான் பாக்கிறன்."

மனிதர் மேற்கொண்டு எதையும் விசாரிக்கவில்லை. காபரேற்றரைக் கழற்றினார். பெற்றோல் போகிற துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகு ஒன்று உள்ளே இருக்கும், ஜெற் என்பார்கள். துளை சின்னதானால் பெற்றோல் குறையும். வழமையாக ஒரு அளவு இறக்கிப் பார்ப்பார்கள். விக்னராஜா ஒரேயடியாக மூன்று அளவு இறக்கிவிட்டார்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சங்கதி உண்டு, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்களுக்கு எண்ணெய் அடியில் தனியாகக் கிடந்தது. பெற்றோலைக் குறைத்தாலும் எண்ணெய்க்குக் குறைவில்லை. டூ ஸ்ட்ரோக்குக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. பெற்றோலில் கலந்து விடுகிற எண்ணெய்தான் உள்ளே போய் பிஸ்டனை வழுக்க வைக்க வேண்டும். உள்ளே போகும் பெற்றோல்தான் சூட்டையும் தணிக்க வேண்டும். அதற்குக் கொடுப்பதைக் குறைத்தால் சாப்பாடு, தண்ணீர் இரண்டையும் சேர்த்துக் குறைத்ததாகிவிடும். இது விக்னராஜாவுக்குத் தெரியாததல்ல. அவர் திருத்தும் மர வாள்கள் எல்லாம் டூ ஸ்ட்ரோக்தான். ஆனால் வாள் ஒரு கிளையை அறுத்துவிட்டு மூச்சு விடும். இந்த வண்டி மூச்சே விடாமல் மலையேற வேண்டும். தெரிந்த மனிதர்தான், அன்றைக்குக் கை முந்திக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை முதல் ஓட்டம். அடிவாரத்தில் நாகேஸ்வரி, விக்னராஜா சொன்ன அளவில் பெற்றோலுக்குள் எண்ணெயைக் கலந்து ஊற்றினார். இரண்டு மூட்டை அரிசியைக் கட்டிக்கொண்டு விக்னராஜா ஏறினார், இறங்கினார். தாங்கியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தால் சரியாகப் பாதி மிச்சம்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. மேலே திரும்பியதும் தங்குமனையின் உணவுக்கூடத்தில் கதிரையை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். வண்டியைச் செய்த கனடாக்காரனுக்கு எஞ்சின் செய்யத் தெரியும், பெற்றோலின் அருமை தெரியாது என்றார். தடை போட்ட நாட்டிலிருந்து வந்தவனுக்குத்தான் துளியின் கணக்குத் தெரியும் என்றார். மலை நிர்வாகத்து ட்ரெவர் அந்த வழியாக வந்தபோது அவரையும் நிற்பாட்டி, வெள்ளிக்கிழமை நீங்கள் வரவே தேவையில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். ட்ரெவர் நல்ல மனிதர். சிரித்துவிட்டு, "வருவேன்" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை மறுபடி ஓடிப் பார்ப்பதாகத் திட்டம். காலையில் வெறுமனே இறங்கி, அடிவாரத்தில் நிரப்பிச் சுமையேற்றினார்கள், நாகேஸ்வரியும் பின்னால் ஏறிக்கொண்டார். பாதி மலை வரைக்கும் எஞ்சின் பாடியது. உண்மையாகவே பாடியது. புகை இல்லை, இருமல் இல்லை, கம்பி இழுத்துவிட்ட மாதிரி ஒரு கூர்மையான சத்தம்.

"கேக்குதோ நாகேஸ்? பறவை மாதிரிப் போகுது!"

சாகப்போகிற டூ ஸ்ட்ரோக் அப்படித்தான் பாடும். எத்தனையோ பேருக்கு அவரே சொல்லிக் கொடுத்த பாடம் இது. ஆனால் தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டிருப்பவருக்கு வேறெதுவும் கேட்பதில்லை. பெரிய வளைவு ஒன்றில் சத்தம் இன்னும் ஒரு பிடி மேலேறியது, பிறகு 'க்ரீச்' என்று ஒரு கீறல், அத்தோடு எல்லாம் நின்றுவிட்டது. கிளப்புகிற கயிற்றை இழுத்தார். கயிறு வரவில்லை. எஞ்சின் இறுகிப் பிடித்துவிட்டது.

சுற்றிலும் பனி, யூகலிப்டஸ் மரங்கள், ஒரு காகம். நாகேஸ்வரி வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் வாய் திறப்பார். அன்றைக்குத் திறக்கவில்லை. அது விக்னராஜாவுக்கு இன்னும் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை வந்து மனம் முழுக்க உட்கார்ந்துகொண்டது. கேத்ரினிடம் "அரைவாசி மிஞ்சும்" என்று சொன்ன தன் வாயை நினைத்துக் கூசினார்.

பாதையைச் செப்பனிடும் பெரிய இயந்திரத்தில் ட்ரெவர் வந்து இழுத்துக்கொண்டுபோய்க் கொட்டகையில் விட்டார். "வெள்ளிக்கிழமையைத் தள்ளிப்போட என்னால் முடியாது" என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

"தள்ளிப்போட வேண்டாம். வெள்ளிக்கிழமையே வாருங்கள்" என்றார் விக்னராஜா. அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

எஞ்சினின் தலையைத் திறந்தார். ஒரு பிஸ்டனின் பக்கமெல்லாம் நகத்தால் பிராண்டிய மாதிரிக் கீறல், ஓரம் உருகியிருந்தது. பார்த்த நொடியிலேயே புரிந்துவிட்டது. பட்டினியால் செத்த எஞ்சின்.

கேத்ரின் பக்கத்தில் நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் ஆறுதல் சொன்னவள் அவள்தான். "விடுங்கண்ணே. பழைய மெஷின். அதோட ஆயுசு முடிஞ்சிருச்சு. நீங்க என்ன பண்ணுவீங்க?"

தப்பித்துக்கொள்ளக் கதவு திறந்து கிடந்தது. ஓம், பழசுதான், பாவம் என்று ஒரு பெருமூச்சு விட்டிருந்தால் போதும். அவர் பெயருக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது. விக்னராஜா பிஸ்டனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் அவருக்கு வந்த வெட்கம் பெரிது. ஆனால் பொய் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிற வெட்கம் அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"ஆயுசு முடியேல்லைத் தங்கச்சி. நான்தான் சாகடிச்சனான். ஒரு அளவு குறைக்கிற இடத்திலை மூண்டு அளவு குறைச்சுப் போட்டன். அதுவும் உங்களிட்டை ஒரு வார்த்தை சொல்லாமல்." பிஸ்டனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "எண்டாலும் ஒண்டு விளங்கேல்லை. செவ்வாய்க்கிழமை இதே ஜெற்றிலைதானே நல்லா ஓடினது? நேற்று ஓடினது இண்டைக்கு ஏன் செத்தது?"

கேத்ரின் தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்தாள். "அண்ணே... அந்த வயரா இருக்குமோ?"

"எந்த வயர்?"

"சோக் வயர். இந்த மெஷின்ல சோக் லீவர் நிக்காது, விழுந்துரும். காலைல குளிர்ல ஸ்டார்ட் ஆகாது. அதனால ரெண்டு வருஷமா பாதி சோக் திறந்து இருக்கிற மாதிரி உள்ளாற வயர் போட்டு கட்டி வச்சிருந்தேன். நேத்து அரை டேங்க் மிச்சம் வந்துச்சில்ல? இன்னும் கொஞ்சம் மிச்சமானா ட்ரெவர் வாயே திறக்க மாட்டாருன்னு இன்னிக்குக் காலைல அவுத்து விட்டுட்டேன்."

விக்னராஜா காபரேற்றரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். குளிரில் எஞ்சினைக் கிளப்புவதற்காகக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பெற்றோல் கொடுக்கிற ஏற்பாடுதான் சோக். அது பாதி திறந்தபடி இரண்டு வருடம் ஓடியிருக்கிறது. குடிகாரன் குடித்ததற்கு முழுக் காரணமும் அந்த வயர்தான். எஞ்சின் ஒரு பாவமும் அறியாது. அவர் ஜெற்றைக் குறைத்தபோதும் அந்தத் திறந்த சோக்தான் செவ்வாய்க்கிழமை அதற்குத் திருட்டுத்தனமாகச் சோறு போட்டு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. இன்றைக்கு அதையும் மூடிவிட்டார்கள்.

"இதை ஏன் பிள்ளை முதலே சொல்லேல்லை?"

"சொல்ல வந்தேனே. டீ போடச் சொல்லிட்டீங்க."

அடி சரியான இடத்தில் விழுந்தது. வாங்கிக்கொண்டார். பிறகு பிஸ்டனின் அடிப்பக்கத்தை விரலால் தேய்த்துப் பார்த்து, முகத்தைச் சுளித்தார். "அதுசரி. எண்டாலும் இது இவ்வளவு காய்ஞ்சு கிடக்குதே. எண்ணெய் பட்ட அடையாளமே காணேல்லை." மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "நாகேஸ்?"

நாகேஸ்வரி கொட்டகையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாகேஸ், இண்டைக்கு எண்ணெய் எவ்வளவு விட்டனீர்?"

"விட்டனான்தானே."

"எவ்வளவு?"

"பாதி." உடனே குரலை உயர்த்தினார். "என்னை ஏன் பாக்கிறியள்? அவ்வளவு எண்ணெயும் புகையாய்த்தானே போகுது! கண்ணுக்கு முன்னாலை வீணாப்போறதைப் பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறியளோ? நீங்கள் பெற்றோலிலை மிச்சம் பிடிச்சியள், நான் எண்ணெயிலை பிடிச்சன்."

மூன்று பேரும் அந்தத் திறந்த எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்கொருவர் சொல்லாமல், ஒருவருக்கொருவர் நல்லது செய்வதாக நினைத்து, மூன்று பேரும் சேர்ந்து அதன் வயிற்றில் அடித்திருக்கிறார்கள். முதலில் சிரித்தது கேத்ரின்தான். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாகேஸ்வரியும் சிரித்துவிட்டார். விக்னராஜா சிரிக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"சரி. இனி இந்தக் கொட்டகைக்குள்ளை ஆர் எதைத் தொட்டாலும் சத்தம் போட்டுச் சொல்லோணும். நானும் சொல்லுவன். கேத்ரின், இந்த வண்டி எங்கையிருந்து வந்தது, ஆர் ஓட்டினது, என்னென்ன கட்டியிருக்கு, எல்லாத்தையும் முதலிலையிருந்து சொல்லுங்கோ. தேத்தண்ணியை நான் போடுறன்."

அவர் தேநீர் போட்டுக்கொண்டே கேட்டார், கேத்ரின் சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. வண்டி கனடாவில் கடும் உறைகுளிருக்கென்று அளவு வைத்து அனுப்பியது. இங்கே பனி உருகுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே கிடக்கும். இங்கத்தைய இதமான குளிருக்கு ஜெற்றை ஒரு அளவு இறக்கலாம், இறக்கத்தான் வேண்டும். ஒன்று மட்டும். இரண்டுகூட வேண்டாம். சோக்கைப் புது ஸ்பிரிங் போட்டு ஒழுங்காக மூட வைத்தால் மிச்சம் தானாக வரும். எண்ணெய் முழு அளவு.

வியாழக்கிழமை முழுக்க வேலை. செத்த வண்டியிலிருந்து சிலிண்டரையும் பிஸ்டனையும் கழற்றி ஓடுகிற வண்டிக்குப் பூட்டினார். தலைக்கனம் திரும்பி வந்துவிட்டது, ஆனால் ஒரு வித்தியாசத்தோடு வந்தது. "இப்ப ஜெற் போடுறன், ஒரு அளவு சின்னன்!" என்று கத்துவார். "சரி அண்ணே!" என்று கேத்ரின் பதிலுக்குக் கத்துவாள். "எண்ணெய் முழு அளவு விட்டிருக்கிறன், வந்து பாருங்கோ!" என்று நாகேஸ்வரி அதைவிடச் சத்தமாகக் கத்துவார். தங்குமனையில் வேலைக்கு நின்ற வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஏதோ சண்டை நடக்கிறது போலத்தான் பட்டிருக்கும்.

மாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். முனை பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. கறுத்திருந்தால் அதிகம் குடிக்கிறது என்று பொருள், வெளுத்திருந்தால் பட்டினி. இந்த நிறம் வயிறு நிறைந்த நிறம். அதை மனைவிக்கும் கேத்ரினுக்கும் காட்டிவிட்டு, "நாளைக்கு வெல்லுவம்" என்றார். அந்த முறை அவர் சொன்னதை நாகேஸ்வரியும் நம்பினார்.

இருந்தாலும் அன்றைக்கு அவர் சட்டைப்பையில் இன்னொன்று கிடந்தது. முதலில் போட்ட அந்தச் சின்ன ஜெற். சோக்கை மூடிவிட்டு, எண்ணெயை முழுதாக விட்டு, மெதுவாக ஓட்டினால் அந்த ஜெற் ஒரு நாள் தாங்கும். சோதனையில் அமோகமாக வெல்லலாம். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது நடுமலையில் எஞ்சின் சாகும். அப்போது விக்னராஜா நோபல் பார்க்கில் பத்திரமாக இருப்பார். பழைய மெஷின், ஆயுசு முடிஞ்சிருச்சு என்று கேத்ரினே சொல்லிக்கொள்வாள். ஜெற்றை எடுத்து ஒருமுறை பார்த்தார். கொட்டகை மூலையில் கிடந்த குப்பைத் தகரத்துக்குள் போட்டார். போட்டதையும் சத்தமாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை அடிவாரத்தில் ட்ரெவர் குச்சியோடு நின்றார். தாங்கியைத் தன் கண்முன்னால் விளிம்புவரை நிரப்பச் சொன்னார். ஓட்டியது கேத்ரின், விதி அப்படி. விருந்தாளியின் இடத்தில் விக்னராஜா. பின்னால் சறுக்குப் பலகையில் அரிசி, பருப்பு, எரிவாயு உருளை, போதாததற்கு நாகேஸ்வரி பிடிவாதமாக ஏற்றிய ஒரு தேங்காய்ச் சாக்கு. "வெல்லுறதெண்டா முழுச் சுமையோடை வெல்லோணும்" என்றார் அந்த மனுஷி.

ஏறும்போது விக்னராஜா கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் அன்றைக்குப் பாடவில்லை. தடித்த குரலில், சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிற ஆளைப்போல முணுமுணுத்துக்கொண்டு ஏறியது. பின்னால் மெல்லிய நீலப் புகை வந்தது. அந்த மணம் மூக்கில் படப்பட அவருக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அளவுமானியின் முள்ளும் இறங்கிக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமையைவிட வேகமாகத்தான் இறங்கியது. பெரிய வளைவைத் தாண்டியபோது கண்ணை மூடிக்கொண்டார். எஞ்சின் அதே முணுமுணுப்போடு வளைவைக் கடந்தது. மேலே போய்ச் சுமையை இறக்கியபோது பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. இறங்கி அடிவாரம் வந்தபோது முள் கால்வாசிக் கோட்டின்மேல் கிடந்ததா, கீழே கிடந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை என்பதே உண்மை.

ட்ரெவர் குச்சியை விட்டு எடுத்தார். கால்வாசிக்கு வெட்டிய அடையாளத்துக்கு மேலே ஒரு விரற்கடை நனைந்திருந்தது. இன்னொரு முறை விட்டுப் பார்த்தார். அதே விரற்கடை.

"இந்தக் குளிர்காலம் முழுக்க ஓட்டலாம்" என்று கேத்ரினிடம் கை கொடுத்தார். பிறகு விக்னராஜாவைப் பார்த்துக் கேட்டார்: "அரைவாசி என்றீர்களே, என்ன ஆச்சு?"

"மிச்சத்தை எஞ்சினுக்கே கொடுத்துவிட்டேன். அதற்கும் உயிர் வேண்டுமே" என்றார் விக்னராஜா, சற்றும் கூசாமல்.

கேத்ரின் அழுதாள். நாகேஸ்வரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற முதல் குடும்பங்களுக்கு அங்கிருந்தே தொலைபேசியில் பேசி, வாங்க, வண்டி ரெடி என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது விக்னராஜாவுக்கு வந்த சந்தோஷம், செவ்வாய்க்கிழமை உணவுக்கூடத்தில் வந்ததைவிடப் பெரிது. ஆனால் இதைப் பற்றி யாரையும் நிற்பாட்டிப் பேச வேண்டும் என்று தோன்றவில்லை.

மத்தியானம் தங்கள் வான் வண்டியில் ஊர் திரும்பினார்கள். மலை முடிந்து பச்சை வெளி வந்ததும் நாகேஸ்வரி தொண்டையைச் செருமினார்.

"இஞ்சேருங்கோ. எதைத் தொட்டாலும் சத்தம் போட்டுச் சொல்லோணும் எண்டனீங்கள்தானே. அது அந்தக் கொட்டகைக்கு மட்டுமோ, எங்களுக்குமோ?"

"எங்களுக்கும்தான்."

"அப்ப சொல்லுங்கோ. எனக்குத் தெரியாமல் இன்னும் எதை எதைக் குறைச்சு வைச்சிருக்கிறியள்?"

விக்னராஜா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வீதியை மட்டும் பார்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டினார்.

"பிறஷர் குளிசை" என்றார்.

"என்ன?"

"பாதியா முறிச்சுத்தான் போடுறனான். போன வருசத்திலையிருந்து. மற்றப் பாதியைச் சேர்த்து வைச்சிருக்கிறன்."

"உங்களுக்கென்ன விசரே? மருந்துக்கடை எங்கடை தெரு முனையிலையெல்லோ கிடக்குது! போன உடனை எடுத்துத் தாறாங்களே!"

"இப்ப தருவாங்கள். ஒருநாள் வராமல் நிண்டா? ஊரிலை மருந்து வராமல் நிண்டதைப் பாத்தனாங்கள்தானே." அவர் குரல் தாழ்ந்தது. "உமக்கும் அதே குளிசைதானே நாகேஸ். அப்பிடி ஒரு நாள் வந்தா உமக்கு இருக்கட்டும் எண்டுதான்."

திட்டு விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. திரும்பிப் பார்த்தால் நாகேஸ்வரி கைப்பையைத் திறந்து, அதற்குள்ளிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மடியில் வைத்திருந்தார். மூடியைத் திறந்து காட்டினார். டப்பா நிறைய வெள்ளைக் குளிசைகள். எல்லாம் பாதி.

"நானும் பாதிதான் போடுறனான்" என்றார். "உங்களுக்கெண்டு."

விக்னராஜா வானை ஓரத்தில் நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். இரண்டு பேரும் முன்னால் இருந்த வெறும் புல்வெளியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவருக்குக் கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு நாகேஸ்வரி தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். காலையில் போட்ட பாதியின் மற்றப் பாதியை அவருக்கு ஒன்று கொடுத்து, தானும் ஒன்று போட்டுக்கொண்டார்.

"திங்கக்கிழமை டொக்டரிட்டைப் போய் உள்ளதைச் சொல்லோணும்" என்றார் விக்னராஜா.

"நான் சொல்லுறன். நீங்கள் சொன்னா அதையும் குறைச்சுத்தான் சொல்லுவியள்."